சென்றவர் மீளும் வழி: தகடூர் நடுகல் முதல் செவ்வாய் வரை

தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு தொடர் நன்கு அறிமுகமானது: ‘தொறு மீட்டுப் பட்டான்’. தொறு என்பது ஆநிரை. பட்டான் என்றால் இறந்துபட்டான். பகைவர் கவர்ந்து சென்ற மாடுகளை மீட்டுவிட்டான், ஆனால் தான் மீளவில்லை என்பதே அதன் பொருள். மூன்றே சொற்களில் ஒரு பயணத்தின் வரவும் செலவும் எழுதப்பட்டுவிடுகின்றன. மாடுகள் ஊர் திரும்பின. மனிதன் கல்லானான்.

1970களில் இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்களைத் தேடித் தொகுத்தபோது இத்தகைய கற்கள் நூற்றுக்கணக்கில் வெளிச்சத்துக்கு வந்தன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றுள் சிலவற்றை இன்றும் காணலாம். வில்லும் வாளும் ஏந்திய வீரன், மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர், வீரனின் பெயர், அவன் செய்த செயல். சென்றவன் திரும்பவில்லை என்றால் அதை ஊர் எப்படிக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சான்றுகளுள் இவை முக்கியமானவை.

செவ்வாய்க்கு மனிதரை அனுப்புவது பற்றிய பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. அதில் பெரும்பகுதி ‘போவது’ பற்றியதாகவே இருப்பதைக் காண்கிறோம். ஆனால் கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் தீட்டப்பட்ட செவ்வாய்த் திட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால், அவை ஒவ்வொன்றும் தடுமாறி நின்ற இடம் பெரும்பாலும் ‘வருவது’தான் என்று தெரியும். அந்த வரலாற்றை நடுகற்களின் நிலமான தகடூரிலிருந்து பார்ப்பது பொருத்தமானதே என்று எண்ணுகிறோம்.

ஆறு மாதக் கடல்

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் இழந்தார். அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாக வந்த இளம் படை அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இப்பகுதியில் பணியாற்றினார், தருமபுரியில் தங்கியிருந்தார், கிளாஸ்கோவில் இருந்த தம் குடும்பத்தாருக்கு இங்கிருந்து கடிதங்கள் எழுதினார்.

அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரக் கப்பலுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது. இன்று பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செல்ல ஆறு முதல் ஒன்பது மாதம் என்று கணக்கிடுகிறார்கள். மன்றோ தருமபுரியிலிருந்து ஒரு கேள்வி கேட்டால், விடை வர ஓராண்டு. செவ்வாயிலிருந்து கேட்டால் செய்தி பூமியை அடைய மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். அந்த வகையில் செவ்வாய் வீரரின் நிலை மன்றோவினுடையதைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம்.

கப்பலுக்கும் காலக்கணக்கு உண்டு. பருவக்காற்றைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கும் அப்படியே. பூமியும் செவ்வாயும் ஏற்ற நிலையில் அமைவது ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை. அங்கு போய்ச் சேர்ந்தவர்களும் திரும்புவதற்கு உகந்த நிலை அமையும் வரை காத்திருக்க வேண்டும். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் பாதையில் சென்றால் செவ்வாய்த் தரையில் சுமார் ஐந்நூறு நாள் தங்க நேரும், மொத்தப் பயணம் இரண்டரை ஆண்டைத் தாண்டும். ஒரு மாதம் மட்டும் தங்கிவிட்டு வர இன்னொரு பாதை உண்டு. ஆனால் அது எரிபொருளை வாரி விழுங்கும்.

ஒப்புமை இவ்வளவோடு முறிகிறது. மன்றோவின் கப்பலைச் செலுத்தியது காற்று. அதற்கு விலை இல்லை, அதை எவரும் சுமந்து வரவும் இல்லை. கொண்டுவந்த காற்றின் மறுபருவமே திரும்பவும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வழியில் கேப் டவுன் உண்டு, செயின்ட் ஹெலினா உண்டு, குடிநீரும் காய்கறியும் உண்டு. சென்று சேரும் சென்னையில் சோறும் மருத்துவரும் உண்டு. செவ்வாய்க்குச் செல்லும் வழியில் ஒரு துறைமுகமும் இல்லை. மூச்சுக்காற்றே மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டிய பண்டம்.

இவ்வளவு வசதி இருந்தும் மன்றோ இறுதியில் மீளவில்லை என்பது வரலாறு. இடையே தாயகம் சென்று வந்தவர், சென்னை ஆளுநராக இருந்து விடைபெறும் தறுவாயில், தாம் முன்பு நிர்வகித்த மாவட்டங்களை ஒருமுறை காணப் புறப்பட்டார். 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார்.

ஒரு பொறியாளரின் பெருங்கனவு

செவ்வாய்ப் பயணத்தை முதன்முதலில் விரிவான பொறியியல் கணக்காக எழுதியவர் வெர்னர் ஃபான் பிரவுன். ஹிட்லரின் ஜெர்மனியில் வி-2 ஏவுகணையை உருவாக்கியவர். அடிமைத் தொழிலாளர் பல்லாயிரவரின் உயிரைக் குடித்த தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது அந்த ஏவுகணை. போருக்குப் பின் அமெரிக்காவில் இருந்தபோது 1948-இல் அவர் எழுதிய செவ்வாய்த் திட்டம் 1952-இல் ஜெர்மன் மொழியில் நூலாக வெளிவந்தது.

அத்திட்டத்தில் பத்துக் கப்பல்கள், எழுபது பேர். கப்பல்களுக்கு வேண்டியவற்றைப் பூமியின் சுற்றுப்பாதைக்குச் சேர்க்க மட்டும் 950 ராக்கெட் பயணங்கள். செவ்வாயை அடைந்ததும், சிறகு வைத்த விமானம் ஒன்று சறுக்குக் கட்டைகளுடன் துருவப் பனியில் இறங்கும். அதில் வந்தோர் அதை அங்கேயே கைவிட்டு, ஊர்திகளில் நிலநடுக்கோடு வரை பயணம் செய்து ஓடுபாதை அமைப்பார்கள். பிறகே மற்ற விமானங்கள் இறங்கும். பல்லாயிரம் கிலோமீட்டர் தரைவழிப் பயணம்! படிக்கும்போது ஏதோ பழைய படையெடுப்பின் வருணனை போலத் தோன்றும்.

சிறகு வைத்த விமானம் இறங்க வேண்டுமானால் அதைத் தாங்கும் காற்று வேண்டும். 1965 ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றது. அங்குள்ள காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று காட்டியது. ஃபான் பிரவுனின் சிறகுகள் அன்றே உதிர்ந்தன. (சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானதும் அதே 1965-இல், அக்டோபர் 2 அன்று.)

அந்த மெல்லிய காற்று இன்றும் பொறியாளர்களின் தலைவலி. விண்கலத்தை எரித்துவிடும் அளவுக்கு அது இருக்கிறது, பாரசூட்டை மட்டும் நம்பி இறங்கும் அளவுக்கு இல்லை. 2021 வரை செவ்வாயில் பத்திரமாக இறக்கப்பட்ட ஊர்திகளுள் மிகக் கனமான பெர்சிவரன்ஸின் எடை சுமார் ஒரு டன். மனிதர் வாழ்வதற்கான கலமும் திரும்புவதற்கான ராக்கெட்டும் இறங்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் இருபது டன்னுக்குக் குறையாமல் இறக்கியாக வேண்டும்.

நிலவில் மனிதர் இறங்கிய 1969-ஆம் ஆண்டிலேயே ஃபான் பிரவுன் மீண்டும் ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1982-இல் செவ்வாயில் மனிதர் என்றார். அதற்கு நம்பியிருந்த அணு ராக்கெட் ஆய்வு 1973-இல் நிறுத்தப்பட்டது. 1989-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த திட்டம், ஐம்பதாயிரம் கோடி டாலர் என்ற மதிப்பீட்டைக் கண்டதும் அமுங்கிப்போனது.

வைக்கோல் வண்டி

செலவு ஏன் இப்படி ஏறுகிறது? ஒரு மாட்டுவண்டியை எண்ணிப் பார்ப்போம். போகும் வழியில் புல் பூண்டு ஏதும் கிடையாது. மாடுகளுக்கான வைக்கோலை வண்டியிலேயே ஏற்ற வேண்டும். தொலைவு கூடினால் வைக்கோல் கூடும். கூடிய வைக்கோலை இழுக்க மாடுகள் இன்னும் தின்னும், ஆகவே இன்னும் வைக்கோல். திரும்பி வருவதற்கான வைக்கோலையும் போகும்போதே ஏற்றுவதென்றால், அதை இழுத்துச் செல்வதற்கும் தனியே வைக்கோல் வேண்டும். வண்டியில் ஆளுக்கு இடம் எங்கே? 1903-இல் ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாடு சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

நம் மங்கள்யானே இதற்குச் சான்று. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அதன் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள். ஆய்வுக் கருவிகள் வெறும் 15 கிலோ. செவ்வாயைச் சுற்ற மட்டுமே, தரையில் இறங்காமல், திரும்பி வராமல் போவதற்கே இந்தக் கணக்கு.

1990-இல் ராபர்ட் சுப்ரினும் டேவிட் பேக்கரும் ஒரு மாற்று வழி சொன்னார்கள். திரும்புவதற்கான வைக்கோலைப் போகும் இடத்திலேயே அறுத்துக்கொள்வது. செவ்வாயின் காற்றில் பெரும்பகுதி கரியமிலவாயு. அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்தால் மீத்தேனும் நீரும் கிடைக்கும், நீரைப் பிரித்தால் ஆக்சிஜன். ஆட்கள் புறப்படும் முன்பே ஆளில்லாக் கலம் ஒன்று போய், இப்படி எரிபொருள் நிரப்பி, திரும்பும் கலத்தை ஆயத்தமாக வைத்திருக்கும். அது நிறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகே மனிதர் கிளம்ப வேண்டும்.

இதில் ஒரு பகுதி மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. பெர்சிவரன்ஸில் இருந்த மாக்சி என்ற சிறு கருவி 2021 ஏப்ரலில் செவ்வாயின் காற்றிலிருந்து முதன்முறையாக ஆக்சிஜனைப் பிரித்தது. அன்று கிடைத்தது சுமார் 5 கிராம். 2023 வரை பதினாறு முறை இயங்கி மொத்தம் 122 கிராம் உண்டாக்கியது. நான்கு பேரைச் செவ்வாய்த் தரையிலிருந்து மேலே எழுப்பத் தேவைப்படுவதோ சுமார் 25 டன் ஆக்சிஜன் என்பது நாசாவின் கணக்கு. கிராமிலிருந்து டன்னுக்கு ஏற வேண்டிய படிகள் அப்படியே கிடக்கின்றன.

நெல்லிக்கனியும் குடிநீரும்

தகடூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி. வாழ்நாளை நீட்டிக்கும் கனி என்று மரபு சொல்லும். நெல்லியில் வைட்டமின் சி மிகுதி என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மன்றோ கடல் கடந்த காலத்தில் மாலுமிகளை அழித்த ஸ்கர்வி நோய் அந்த ஒன்றின் குறையால் வந்ததே. எலுமிச்சையும் ஆரஞ்சும் அதைத் தீர்க்கும் என்று 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் காட்டினார். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை முழுமைக்கும் எலுமிச்சைச் சாறு வழங்க 1795 வரை ஆனது.

செவ்வாய் வீரர்களுக்கும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. பதப்படுத்தி அடைத்த உணவை மூன்றாண்டு வைத்திருந்தால் அதிலுள்ள வைட்டமின் சியும் பி1-உம் போதாத அளவுக்குச் சிதைந்துவிடுகின்றன என்று நாசாவின் உணவு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கொஞ்சமேனும் கீரையோ காயோ வழியிலேயே வளர்க்க வேண்டும். கெடாத நெல்லிக்கனி இன்னும் கிடைத்தபாடில்லை.

உணவு சரியாக இருந்தாலும் உடல் தேய்கிறது. எடையின்மையில் உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு ஒரு விழுக்காடு அளவில் அடர்த்தி இழக்கின்றன. ரஷ்ய மருத்துவர் வலேரி போலியகோவ் 1994-95-இல் மீர் நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் தங்கினார். தரையிறங்கியதும் தம் காலால் நடந்து காட்டினார். செவ்வாய்க்குப் போனவரும் இறங்கி நடக்க முடியும் என்பதற்கு அது ஓர் ஆறுதல். ஆனால் அவரைச் சூழ்ந்து தாங்கிக்கொள்ள மனிதர்கள் இருந்தார்கள்.

கதிர்வீச்சுக்கு அத்தகைய ஆறுதலும் இல்லை. கியூரியாசிட்டி ஊர்தி போகும் வழியில் எடுத்த அளவீடுகளின்படி, போய்வரும் பயணத்துக்கு மட்டுமே சுமார் 660 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சை உடல் ஏற்கும். நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்குமாக வகுத்துள்ள வரம்பு 600. செவ்வாயில் தங்கும் நாட்களை இன்னும் சேர்க்கவில்லை.

குடிநீர்ச் சிக்கலைத் தருமபுரிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லில் கறையும் எலும்பில் நோயும் கண்ட ஊர்கள் இங்கு உண்டு. மண்ணில் இருப்பது நீரில் வரும், நீரில் இருப்பது எலும்பில் ஏறும். செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டறிந்தது. அவை தைராய்டு சுரப்பியைப் பாதிப்பவை. அங்கே பனியை உருக்கிக் குடிப்பவர் அதை நன்கு வடித்துக் குடித்தாக வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வையும் சிறுநீரும் சேர்த்து 98 விழுக்காட்டு நீரை மீட்கும் நிலையை 2023-இல் எட்டினார்கள். எனினும் அக்கருவிகள் பழுதானால் மாற்றுப் பொருள் பூமியிலிருந்து சில மாதங்களில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் மங்கள்யான் ஏவப்பட்டதும் ஒரே 2013-இல். குடிநீர்த் திட்டத்துக்குச் செலவு 1,900 கோடி ரூபாயை ஒட்டி, மங்கள்யானுக்கு 450 கோடி. குடிக்க நீரில்லாத நாட்டுக்குச் செவ்வாய் எதற்கு என்று அன்று கேட்டவர்கள் பலர். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஆளில்லாத மங்கள்யானைவிட இரண்டு மாவட்டங்களுக்கு நீர் கொண்டுவருவதற்கு நான்கு மடங்கு செலவானது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆளை ஏற்றி அனுப்பித் திருப்பிக் கொண்டுவருவது என்றால் இந்தக் கணக்குகள் எல்லாம் தலைகீழாகிவிடும்.

உதவி எட்டாத தொலைவு

1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 வெடிப்புக்கு ஆளானபோது, நிலவைச் சுற்றிக்கொண்டு நான்கே நாளில் வீடு திரும்ப முடிந்தது. செவ்வாய்க்குப் பாதி வழி போனபின் அப்படித் திரும்ப வழியில்லை. வான்கோள்களின் கணக்கு விடாது.

அருகிலிருந்தே திரும்ப முடியாமற் போனதையும் நாம் கண்டிருக்கிறோம். கொலம்பியா விண்ணோடம் 2003 ஜனவரி 16 அன்று கிளம்பியபோது பெயர்ந்து விழுந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடச்சிறகில் மோதியது. பதினாறு நாள் எல்லாம் நலமாகவே இருந்தது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கக் கால் மணி நேரமே இருந்தபோது, கல்பனா சாவ்லாவும் உடனிருந்த அறுவரும் மாண்டனர். போகும்போது பட்ட அடி வரும்போது கொன்றது. 2024 ஜூனில் எட்டு நாள் போல இருந்துவர என்று போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், அவர்களை ஏற்றிச்சென்ற கலத்தை நம்பித் திரும்ப முடியாது என்று முடிவானதால், 286 நாள் கழித்து 2025 மார்ச்சில் வேறு கலத்தில் வந்து சேர்ந்தனர். அவர்கள் இருந்த உயரம் சுமார் 400 கிலோமீட்டர். மாற்றுக் கலம் அனுப்ப முடிந்ததால் மீண்டார்கள்.

மங்கள்யானின் எஞ்சின் சுமார் முந்நூறு நாள் உறங்கியபின் மீண்டும் எரியுமா என்ற அச்சம் அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணனின் குழுவினருக்கு இருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று நான்கு விநாடி எரித்துப் பார்த்தார்கள். 24 அன்று உண்மையான தேர்வு. செய்தி வந்து சேரவே பன்னிரண்டு நிமிடம் ஆகும் தொலைவில், கட்டளைகள் எல்லாம் முன்கூட்டியே கலத்தில் பதியப்பட்டிருந்தன. அது எரிந்தது. 2022 வரை உழைத்துவிட்டு மௌனமானது. அதற்காக நாம் நெகிழ்ந்தோம், துக்கம் காக்கவில்லை. எந்திரம் மீளாததற்கும் மனிதர் மீளாததற்கும் இருக்கும் வேறுபாடு அதுவே.

மீளாப் பயணம்

மீள்வதே இத்தனை கடினமென்றால், மீளாமலே போனால் என்ன? 2012-இல் நெதர்லாந்தில் மார்ஸ் ஒன் என்ற நிறுவனம் இப்படித்தான் அறிவித்தது. ஒருவழிப் பயணம், அங்கேயே குடியிருப்பு. 2015-இல் நூறு பேரைத் தேர்ந்து பட்டியலும் வெளியிட்டது. 2019-இல் திவாலானது. நிறுவனம் போனாலும் அந்த யோசனை இன்னும் உலவுகிறது.

இதை வீரம் என்று சொல்பவர்கள் உண்டு. நம் மரபிலிருந்தே சான்று காட்டவும் முடியும். வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழன் இல்லையா? உண்டு. ஆனால் அது அவன் தனக்கென எடுத்த முடிவு. அவனை வடக்கிருத்தினால் செலவு குறையும் என்று எவரும் திட்டம் தீட்டவில்லை. தகடூர் நடுகல்லில் நிற்பவனோ சாகப் புறப்பட்டவன் அல்லன். மீட்கப் புறப்பட்டவன். மீண்டுவருவான் என்று ஊர் காத்திருந்தது. வராதபோது கல்லைத் தேர்ந்து, நீராட்டி, பெயரெழுதி, நட்டு வழிபட்டது. அந்தக் கல், ஊர் தன் கடனை ஒப்புக்கொண்ட ஆவணம். ஆளை அனுப்பும் முன்பே கல்லைச் செதுக்கி வைத்துவிட்டு அனுப்புகிற ஊர் எதையும் நாம் அறியோம்.

எனவே செவ்வாய்த் திட்டம் எதை நாம் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் கலத்தைத்தான். அது எங்கே நிற்கிறது, அதற்கு எரிபொருளை யார் நிரப்பினார்கள், நிரம்பியதை யார் சரிபார்த்தார்கள், ஆட்கள் கிளம்பியது அதற்கு முன்பா பின்பா? இவற்றுக்கு விடை இல்லாத திட்டம், படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும், பாதித் திட்டமே.

இதுவரை செவ்வாயிலிருந்து மனிதரால் ஒரு கூழாங்கல்லைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. பெர்சிவரன்ஸ் சேகரித்த மாதிரிகள் குழாய்களில் அடைபட்டு அங்கேயே இருக்கின்றன. அவற்றை எடுத்துவர 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2023-இல் ஒரு மதிப்பீடு சொன்னதும் அத்திட்டம் தள்ளாடத் தொடங்கியது. நம்மிடம் இருக்கும் செவ்வாய்க் கற்கள் தாமாக வந்தவை. விண்கல் மோதலில் அங்கிருந்து தெறித்து, நெடுங்காலம் விண்வெளியில் அலைந்து, பூமியில் விழுந்தவை. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்தது. சுமார் ஐந்து கிலோ. அதே வகைக் கற்கள் அனைத்துக்கும் இன்று அவ்வூரின் பெயரே வழங்குகிறது. ஒரு கல்லை நாம் போய் எடுத்துவரும் நாளில், மனிதரை அனுப்பி மீட்பது பற்றிக் கொஞ்சம் நம்பிக்கையோடு பேசத் தொடங்கலாம்.